எம்டன் மூழ்கடித்த நகரப் பாடம்

நகரத்தைத் திட்டமிடுவது யாருடைய வேலை? கேட்டால் பலரும் நகராண்மைக் கழகத்தைக் கைகாட்டுவார்கள். சாலை எங்கே போகிறது, கால்வாய் எங்கே திரும்புகிறது, எந்தத் திடலில் அடுக்குமாடி எழும்புகிறது என்பதெல்லாம் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும் மட்டுமே தெரிய வேண்டியவை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து நாற்காலிகள் மிதக்கும்போதுதான், 'இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது?' என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் கேள்வியை வெள்ளத்துக்கு முன்பே கேட்கப் பொதுமக்களுக்குப் பழக்க வேண்டும் என்று நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் பிடிவாதமாக நின்றார். ஸ்காட்லாந்துக்காரர். தமிழ்நாட்டு ஊர்களில் சந்து சந்தாக நடந்தவர். பெயர் பேட்ரிக் கெடிஸ். இன்று ஐக்கிய நாட்டு நிறுவனம் முதல் உள்ளூர் மன்றங்கள் வரை 'மீள்திறன் கொண்ட நகரம்' என்ற சொல்லை உச்சரிக்கின்றன. இடி விழுந்தாலும் நோய் பரவினாலும் வெள்ளம் சூழ்ந்தாலும் மீண்டும் எழுந்து நிற்கும் நகரம் என்பது அதன் பொருள். கெடிஸ் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியவர் அல்லர். ஆனால் அதற்கான அரிச்சுவடியைப் பாமர மக்களுக்குக் கற்றுக்கொடுக்க முயன்ற முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி பிறந்த அவர் உயிரியல் படித்தவர். லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியின் மாணவர். 1879இல் மெக்சிகோவுக்கு ஆய்வுக்குப் போன இடத்தில் கண்பார்வை மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் அடைந்து கிடந்தபோது சன்னல் சட்டங்களைக் கையால் தடவிப் பார்த்து, ஒரு தாளைக் கட்டம் கட்டமாக மடித்துச் சிந்திக்கும் முறையை உருவாக்கிக்கொண்டார் என்பார்கள். அந்தக் கட்டங்களில் அவர் வாழ்நாள் முழுதும் எழுதிவந்த மூன்று சொற்கள்: இடம், தொழில், மக்கள். இம்மூன்றில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும் என்பது அவர் கொள்கை. பார்வை பின்னர் திரும்பியது. ஆனால் நுண்ணோக்கியில் நெடுநேரம் குனிய முடியாமல் போனதால், அவர் கண் நகரத்தின் பக்கம் திரும்பியது.

எடின்பரோவில் வசதியான வீடு கிடைக்கக்கூடிய நிலையில் இருந்தும், அவரும் அவர் மனைவி அன்னாவும் பழைய நகரின் இடிந்த, நெருக்கடியான ஜேம்ஸ் கோர்ட் பகுதிக்குக் குடிபோனார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, முற்றத்துக் குப்பையை அகற்றுவது, சன்னலில் செடி வைப்பது என்று அண்டைவீட்டாரோடு சேர்ந்து செய்தார்கள். சொற்பொழிவு அப்புறம்தான். 1892இல் அதே பழைய நகரில் ஒரு கோபுரக் கட்டடத்தை எடுத்து, அதைப் பொதுமக்களுக்கான நகரப் பள்ளியாக மாற்றினார். வருபவர் முதலில் உச்சிக்கு ஏற வேண்டும். அங்கே இருட்டறை ஒளிப்படக் கருவி ஒன்று ஊரையே ஒரு மேசைமேல் விழச் செய்யும். பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்கும்போது எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என்று பாடம் விரியும். தன் வீட்டு வாசலில் தொடங்காத பாடம் மனத்தில் நிற்காது என்பது அவர் நம்பிக்கை.

கடலுக்குள் போன பெட்டிகள்

1910 முதல் அவர் ஒரு நகரக் கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோனார். பழைய வரைபடங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள், மாதிரிகள் என்று சேர்த்துச் சேர்த்து வளர்ந்த கண்காட்சி அது. 1913இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பெரும் பரிசும் பெற்றது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த லார்ட் பென்ட்லண்டும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் அழைப்பின் பேரில் 1914இல், 60 வயதில், கெடிஸ் மகன் அலாஸ்டரை உடன் அழைத்துக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். கண்காட்சிப் பெட்டிகள் கிளான் கிராண்ட் என்ற வேறொரு சரக்குக் கப்பலில் வந்தன.

அந்தக் கப்பல் சென்னைக்கு வந்து சேரவில்லை. அக்டோபர் மாத நடுவில் அதை மூழ்கடித்தது ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன்.

எம்டனைத் தமிழருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைக் கடற்கரைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல் அது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலாயாவுக்கும் அது புதிதல்ல. அக்டோபர் 28ஆம் தேதி விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் ஒன்றையும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது அதே எம்டன்தான். சிறைபிடிக்கப்பட்ட அதன் மாலுமிகள் சிலர் சிங்கப்பூரில் அடைக்கப்பட்டிருந்த வேளையில்தான் 1915ஆம் ஆண்டு சிப்பாய்க் கலகம் வெடித்தது. இத்தனை கதைகளுக்கும் நடுவில், நகரங்களைக் காப்பது எப்படி என்று மக்களுக்குக் கற்பிக்க வந்த படங்கள் கடலுக்கு அடியில் போன கதை அவ்வளவாக வெளியில் தெரியாது.

கெடிஸ் மனம் தளரவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசரமாகப் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது. படங்களுக்கு அருகே நின்று விளக்கம் சொன்னவர் பெரும்பாலும் அவரே. பேச்சு அருவிதான், ஆனால் தாடிக்குள்ளேயே முணுமுணுப்பாக முடிந்துவிடும் என்று கேட்டவர்கள் குறைப்பட்டதுண்டு.

அவர் காட்டிய படங்களில் முக்கியமானது ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டுப் படம். மலையில் தொடங்கி, காடு, மேய்ச்சல் நிலம், வயல், கடற்கரை என்று இறங்கும். ஒவ்வொரு நிலத்திலும் ஒரு தொழில், அதற்கேற்ற மக்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பள்ளியில் படித்த தமிழருக்கு இதில் வியப்பு இருக்காது. ஸ்காட்லாந்துக்காரர் தம் வழியில் வந்து சேர்ந்த இடத்தில் நம் இலக்கணக்காரர்கள் ஏற்கனவே நின்றிருந்தார்கள். ஆனால் கெடிஸ் அதை ஓர் எச்சரிக்கையாகவும் பயன்படுத்தினார். மேலே மரம் வெட்டினால் கீழே வீடு நனையும். ஒரு நகரத்தின் பிரச்சினையை அந்த நகரத்தின் எல்லைக்குள் மட்டும் நின்று தீர்க்க முடியாது.

தஞ்சாவூர்ச் சந்துகள்

கண்காட்சியோடு அவர் நிற்கவில்லை. சென்னை மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றி வந்து 1915இல் அறிக்கைகள் எழுதினார். மதுரை, காஞ்சிபுரம், தஞ்சாவூர் ஆகியவை அவற்றில் அடங்கும். காஞ்சிபுரம் அவரை மயக்கியது. கோயிலும் தேரோடும் வீதியும் தோட்டமும் வீடும் ஒன்றுக்கொன்று அளவொத்து அமைந்த ஊர் என்று அதைக் கொண்டாடினார். புதிய நகரம் கட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

தஞ்சாவூரில்தான் சண்டை. கோட்டைப் பகுதியில் வீடுகள் நெருக்கமாகிவிட்டன, சுகாதாரம் கெட்டுவிட்டது. அக்காலத்து அதிகாரிகளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே: ஒரு நேர்கோட்டை வரை, அதன்மேல் இருக்கும் வீடுகளை இடி, அகலமான சாலை போடு. வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இடிபட்ட வீட்டுக்காரர் எங்கே போவார்? பக்கத்துச் சந்தில் இன்னொரு வீட்டில் நெருக்கியடித்துக்கொள்வார். நெருக்கடியைத் தீர்க்கப் போட்ட சாலையே நெருக்கடியைக் கூட்டிவிடும்.

கெடிஸ் அந்தச் சந்துகளில் காலால் நடந்தார். எது இடிந்து பாழாகக் கிடக்கிறது, எது கொஞ்சம் பழுது பார்த்தால் நிற்கும், கிணறு எங்கே, மரம் எங்கே, சிறு கோயில் எங்கே, குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். பிறகு, பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அந்த வெற்றிடங்களை ஒன்றோடொன்று இணைத்து, மரம் நட்டு, சந்துகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வரச்செய்யும் வழியைக் காட்டினார். செலவும் நேர்கோட்டுச் சாலைக்கு ஆவதில் சிறு பங்குதான். நல்ல மருத்துவர் உறுப்பைக் காப்பாற்றப் பார்ப்பார், வெட்டி எறியத் துடிக்கமாட்டார் என்பது இதன் பின்னிருந்த உயிரியல்காரரின் புத்தி. பாதுகாக்கும் அறுவைச் சிகிச்சை என்று இந்த முறைக்கே பெயர் வைத்தார்.

இதில் முக்கியமானது, இந்த ஆய்வுக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை என்பதே. தெருவில் குடியிருக்கும் எவரும் செய்யலாம். சொல்லப்போனால், வெளியூரிலிருந்து வரும் நிபுணரைவிட அவர்களால்தான் சரியாகச் செய்ய முடியும். முதலில் ஆய்வு, பிறகுதான் திட்டம் என்று கெடிஸ் ஓயாமல் சொன்னதன் பொருள் இதுதான். அதிகாரிகள் பலருக்கு இது கசந்தது.

குளங்களைப் பற்றியும் அவருக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. கொசு பெருகுகிறது, மலேரியா வருகிறது, ஆகவே குளத்தைத் தூர்த்துவிடு என்பது அவர்கள் வாதம். மீனையும் வாத்தையும் விடுங்கள், கொசுப்புழுவை அவை தின்றுவிடும் என்றார் கெடிஸ். குளம் ஊரைக் குளிர்விக்கிறது, மழைநீரைத் தேக்குகிறது என்பதையும் சுட்டிக்காட்டினார். கேட்பார் குறைவு. சென்னையில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் நீண்டு கிடந்த நெடிய ஏரி 1920களில் வடிக்கப்பட்டு, அங்கே தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர்ப்பலகை மட்டும் மிச்சம். 2015 டிசம்பர் பெருமழையில் அந்த வட்டாரத்துத் தெருக்களில் தண்ணீர் மீண்டும் நின்றது.

பிளேக் எலியின் ஊர்வலம்

கெடிஸின் பணிகளில் மிகவும் சுவையானது இந்தூரில் நடந்தது. 1917இல் அந்தச் சமஸ்தானத்துக்கு நகரத் திட்டம் வரைய அழைக்கப்பட்டார். ஊரில் பிளேக் நோய். எலிகளின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சியால் பரவும் கொடிய நோய் அது. வரைபடமும் கையுமாகத் தெருவில் சுற்றும் வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்தாலே மக்கள் மிரண்டார்கள். அவர் நின்று பார்க்கும் வீட்டை இடித்துவிடுவார்கள், நோயைக் கொண்டுவருவதே இவர்தான் என்று பேச்சு பரவியது.

அவரே பின்னாளில் சொன்னபடி, நேராக மகாராஜாவிடம் போய், ஒரே ஒரு நாளைக்குத் தம்மை மகாராஜாவாக்கும்படி கேட்டார். அனுமதி கிடைத்தது. தீபாவளியையொட்டி மாபெரும் ஊர்வலம் என்று முரசு அறையப்பட்டது. அதில் ஒரு நிபந்தனை. ஊர்வலம் வழக்கமான இந்துக்கள் பாதையிலும் போகாது, முஸ்லிம்கள் பாதையிலும் போகாது. எந்தத் தெருவில் வீடுகள் அதிகமாகச் சுத்தம் செய்யப்பட்டுப் பழுது பார்க்கப்பட்டிருக்கின்றனவோ, எங்கே மரம் நடப்பட்டிருக்கிறதோ, அந்தத் தெருக்கள் வழியாகத்தான் போகும்.

பிறகு நடந்ததைக் கற்பனை செய்வது கடினமல்ல. சாமி ஊர்வலம் தன் தெருவுக்கு வராமல் பக்கத்துத் தெருவுக்குப் போவதை எந்த ஊர்க்காரர் பொறுத்துக்கொள்வார்? போட்டி மூண்டது. வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள். முற்றங்களிலும் சந்துகளிலும் ஆண்டாண்டாகக் கிடந்த குப்பை ஆயிரக்கணக்கான வண்டிகளில் வெளியேறியது. எலிகள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டன.

ஊர்வல நாளில் முன்னால் குதிரைப்படை, யானை, ஒட்டகம், லட்சுமியின் அலங்கார வண்டிகள். அடுத்து இடிந்த, அழுக்கான வீடுகளின் மாதிரிகள். அவற்றுக்குப் பின்னே அழுக்கு அரக்கனின் பேருருவம், அதனோடு உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி ஒட்டிய ராட்சச பிளேக் எலி. அதன் பின்னால் வந்தவர்கள்தான் ஊரை வாயடைக்கச் செய்தவர்கள்: நூற்றுக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்கள். வெள்ளை உடை, புதிய தலைப்பாகை, வண்ணம் பூசிய வண்டிகள். மற்ற நாளில் ஒதுங்கி நடக்க வைக்கப்பட்டவர்கள் அன்று நடுவீதியில் மாலை மரியாதையோடு நடந்தார்கள். ஊரைக் காப்பவர் யார் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகையிலும் எழுத முடியாது.

இந்தூர் நகரையே ஒரு தேவியாக உருவகித்து அதன் பின் கொண்டுவந்தார்கள். வரப்போகும் நூலகம், வீடுகள், பூங்காக்கள் ஆகியவற்றின் மாதிரிகள் தொடர்ந்தன. துளசிச் செடிகள் வீடு வீடாக வழங்கப்பட்டன. கடைசியில் அரக்கனையும் எலியையும் தீயிலிட்டு வாணவேடிக்கை. அந்தப் பருவத்தில் பிளேக் தணிந்தது. பருவமாற்றமும் அதற்கு ஒரு காரணம் என்பதைக் கெடிஸ் அறிவார். மக்களோ, நோயை விரட்டிய சாயபு என்று அவரைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

இந்தூருக்காக அவர் எழுதிய இரண்டு தொகுதி அறிக்கை 1918இல் வெளிவந்தது. கழிவையெல்லாம் குழாயில் விட்டு ஆற்றில் சேர்ப்பது ஐரோப்பாவின் தவறு, அதை மண்ணுக்கு எருவாக்குவதே இந்திய மரபு என்று அதில் வாதாடினார். வெறும் இடத்தைத் திட்டமிட்டால் போதாது, மக்களைச் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பதும் அதில் உள்ளது.

அந்த 1917ஆம் ஆண்டுதான் அவர் வாழ்வின் கொடுமையான ஆண்டும்கூட. ஏப்ரலில் மகன் அலாஸ்டர் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். சென்னைக்கு அப்பாவோடு வந்த அதே மகன். அன்னா அப்போது இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் இறந்த செய்தியை மனைவியிடம் சொல்லவில்லை கெடிஸ். அது தெரியாமலேயே ஜூன் மாதத்தில் அன்னா கண்மூடினார். ஜேம்ஸ் கோர்ட்டில் வெள்ளையடித்த நாளிலிருந்து கூடவே நின்றவர் அவர். தீபாவளி ஊர்வலத்துக்குத் திட்டம் போட்டவர் இந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டுதான் போட்டார்.

கெடிஸை முழுமையான மக்களாட்சிக்காரர் என்று சொல்வதற்கில்லை. அவரை அழைத்தவர்கள் ஆளுநரும் மன்னர்களும். இந்தூரில் யாரும் வாக்களித்து அவர் திட்டத்தை ஏற்கவில்லை. ஓர் ஊரில் ஊன்றி நிற்காமல் அடுத்த ஊருக்கு ஓடும் பழக்கமும் அவருக்கு உண்டு. 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்துவிட்டுப் பிரான்சின் மான்பெலியே நகருக்குப் போனார். 1932இல் அங்கேயே காலமானார். அவருடைய இந்திய அறிக்கைகள் அலுவலக அலமாரிகளில் தூசி படிந்து கிடந்தன. ஜாக்லின் டிர்விட் என்ற பெண் திட்டமிடுநர் அவற்றிலிருந்து பகுதிகளைத் தொகுத்து 1947இல் நூலாக்கிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

மலாயாவுக்கு வந்த திட்டம்

மலாயாவில் நகரத் திட்டம் வேறு வழியில் வந்தது. 1921இல் சார்ல்ஸ் ரீட் என்ற நியூசிலாந்துக்காரர் கூட்டரசு மலாய் மாநிலங்களின் நகரத் திட்ட அதிகாரியாகக் கோலாலம்பூருக்கு வந்தார். 1923இல் அதற்கான சட்டமும் பிறந்தது. சிங்கப்பூரில் 1927இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. அன்றைய லயன் வீட்டுத் தொழிலாளிக்கும் கடைவீட்டு மாடியில் அடைந்து கிடந்த துறைமுகக் கூலிக்கும் இவற்றில் வாய்திறக்க இடமில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மலேசியாவில் சட்டப்படி பொதுமக்களுக்கு அந்த இடம் கிடைத்தது 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில்தான். 172ஆவது சட்டம் என்று அதைச் சொல்வார்கள். அதன்படி வட்டாரத்துக்கான வரைவுத் திட்டத்தை ஊராட்சி மன்றம் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கோலாலம்பூருக்கு 1982இல் தனிச்சட்டம் வந்தது. 2008இல் கோலாலம்பூர் நகர வரைவுத் திட்டம் மக்கள் முன் வைக்கப்பட்டபோது ஆட்சேபங்கள் குவிந்தன. அது அரசிதழில் இடம்பெற 2018 வரை ஆனது.

இந்த விவகாரங்களில் நம்மவர்களின் காலடி பெரும்பாலும் தாமதமாகவே விழுகிறது. பினாங்கில் தமிழர்கள் மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா, அடுக்குமாடித் திட்டத்துக்காக 2009இல் இடிக்கப்பட்டது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் பயனில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, குடும்பங்கள் மாடியில் நாள்கணக்கில் சிக்கிக் கிடந்தன. படகோடு வந்த தன்னார்வலர்கள் பலரைக் காப்பாற்றினார்கள். கிள்ளான் ஆற்றங்கரையோரத் தாழ்நிலம் அது. அங்கு வீடு வாங்கிய எத்தனை பேர் கையெழுத்திடும் முன் ஆற்றின் உயரத்தையும் வீட்டு வாசலின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள்? பார்க்கும்படி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான் யார்?

கெடிஸ் சொன்ன முறையில் ஒரு தாமானை ஆராயப் பெரிய கருவி வேண்டாம். குடியிருப்பாளர் சங்கத்தில் பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தால் போதும். எந்தக் கால்வாய் எந்த ஆற்றில் சேருகிறது, எங்கே அடைத்துக்கொள்கிறது, கடந்த வெள்ளம் எந்த வீட்டில் எத்தனை படி ஏறியது, நடமாட முடியாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார், மேடான இடத்தில் திறந்து விடக்கூடிய மண்டபமோ கோயிலோ பள்ளியோ எது, ஈய லம்பமாக இருந்து மண் நிரப்பப்பட்ட இடம் எது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். பழைய குடியிருப்பாளர்களிடமும் தோட்டக் காலத்துப் பெரியவர்களிடமும் கேட்டால் வரைபடத்தில் இல்லாத ஓடைகளும் தெரியவரும்.

172ஆவது சட்டத்தின்கீழ், வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் எவரும் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் தெரிவித்தவர் கேட்டுக்கொண்டால், விசாரணைக் குழு அவரை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும்.